மூன்று மங்குக் கடல் சேறு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். தோட்டப் பள்ளியில் மூன்றாவது வரைதான் படித்தேன். பல விஷயம் மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கடலடி மண்ணை ஆராய்கிற ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் என் வீட்டுக்காரருக்கு வேலை. ஆறு கடலில் விழும் இடம், அதற்கு அப்பால், வெகுதூரத்து ஆழம் என்று மூன்று இடத்தில் துரை படகிலிருந்து அள்ளிவந்த சேறு மூன்று பீங்கான் கிண்ணங்களில் இருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் சந்தைக்குக் கிளம்பும்போது, “அந்த மங்கு எல்லாத்தையும் தொடச்சு வை” என்றார். ரப்பர் மரத்துப் பால் பிடிக்கும் கிண்ணத்துக்குத் தோட்டத்தில் மங்கு என்று பேர்; துரையின் கிண்ணங்களையும் அவர் அப்படியே சொன்னார். வெளியே காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தால்தான் மங்கு துடைத்ததாக அர்த்தம். பழகின கை. கிண்ணங்களில் பசை போட்டு ஒட்டியிருந்த சீட்டுகளையும் அப்படியே உரித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

“அடிப் பாவி! எது எந்த எடத்து மண்ணுன்னு அதுலதான எழுதியிருந்துச்சு! துரை சாயந்திரம் வாராரு. நாளைக்கே மறுபடி தோட்டத்துக்குப் போயி பால்மரம் வெட்ட வேண்டியதுதான்” என்று சந்தையிலிருந்து திரும்பின வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு, துரையிடம் எழுத்துவேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா வந்தார். “சீட்டை மட்டுமோ அடுப்பில போட்டனீர்? சேத்தையும் குழம்பா வைச்சிருக்கலாமே, பிள்ளை!” என்றார்.

அவர் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கழுவி, பூதக்கண்ணாடிக் குழாயின் அடியில் வைத்துப் பார்த்தார். பிறகு, “இஞ்ச வந்து பாரும்” என்றார்.

ஒரு கிண்ணத்துச் சேற்றில் வெறும் தூள். அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் அதிகம். மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நகக்கண்ணில் நூறு அடங்குகிற சங்குகள்! சிலது முறுக்குப் போலச் சுருண்டு, சிலது உளுந்து போல உருண்டு, ஒவ்வொன்றும் அறை அறையாகக் கட்டின வீடு. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. இத்தனை நாள் அதை வெறும் சேறு என்று நினைத்திருந்தேனே!

“ஒரே கடல்தானங்கய்யா? இதுல மட்டும் ஏன் இவ்வளவு?” என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது.

“உப்பு, ஆழம், சேறு எல்லாம் பாத்து, தனக்குத் தோதான இடத்திலதான் இந்தச் சங்குப் பூச்சி ஒவ்வொண்டும் சீவிக்கும், பிள்ளை. ஆத்துவாயில உப்பில்லாத நல்ல தண்ணி கலக்குது, சேறும் வந்து மூடுது. அதைத் தாங்கிறது கொஞ்சம்தான்.”

நான் முதல் கிண்ணத்துச் சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தேன். “ஐயா, எங்க கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கத்துலேருந்து ஆத்துல ஓடுற சேறும் இப்படித்தான் வழவழன்னு இருக்கும்.”

“அப்ப இது ஆத்துவாய்தான்! சங்கு நிறைஞ்சது தூரத்து ஆழம், மற்றது நடுவிடம்” என்று சிரித்து, மூன்றுக்கும் புதுச் சீட்டு எழுதினார்.

சாயந்திரம் ஐயா துரையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். துரை தன் நோட்டைப் புரட்டிப் புரட்டி வெகுநேரம் ஒத்துப்பார்த்தார். கடைசியில் வீட்டுக்காரர் வெளியே வந்து, “சரியாத்தான் இருக்காம். நாளைக்கும் வேலைக்கு வரச் சொல்லிட்டாரு” என்றார்.

உப்பு, ஆழம், சேறு என்று ஐயா சொன்னதோடு இன்னொன்றும் இருந்தது. தண்ணீரின் சூடா, வெளிச்சமா, மறந்துவிட்டேன். படித்த பிள்ளைகள் யாராவது பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.