செண்பகவல்லி கேட்ட சிங்கிள் ரூம்

வியட்நாமில் மூன்றாம் நாள் மதியம். ஆற்றுப் படகுச் சவாரிக்குப் பஸ் கிளம்பத் தயார். பதினோரு பேர் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளான செண்பகவல்லி அக்கா மட்டும் ஓட்டல் வாசலிலேயே நின்றுகொண்டு, "தலைவலி மேடம். நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

குரூப்பைக் கூட்டி வந்த டூர் மேனேஜர் நான். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம். இதுதான் முதல் விமானப் பயணம். ஊரிலிருந்து மகன் தினமும் மூன்று முறை எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பஸ்ஸை உள்ளூர் கைடிடம் ஒப்படைத்துவிட்டு நானும் தங்கிவிட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். வளைகுடா போகிறவர்களுக்கு டிக்கெட் போடத்தான் சேர்ந்தேன். பிறகு முதலாளி, பெண்கள் மட்டும் போகும் சின்னக் குரூப் டூர்களை ஆரம்பித்தார். வீட்டு ஆட்கள் இல்லாமல் தனியாகப் பேர் கொடுக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், நான் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். பெட்டி மாறிய கதை, பாஸ்போர்ட் தொலைந்த கதையெல்லாம் இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது என் தவறை.

அன்று அக்காவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். மனசு கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் போய்க் கதவைத் தட்டி வெந்நீர் கொடுத்தேன். ஓட்டல் சமையலறையில் கையைக் காலை ஆட்டிப் புரியவைத்து, கஞ்சி போட்டு வாங்கிக்கொண்டு மறுபடி தட்டினேன். மூன்றாவது முறை, "தனியா இருக்கீங்களேக்கா, கொஞ்ச நேரம் பேசிட்டிருப்போம்" என்று உள்ளே போய்ப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேவிட்டேன்.

"ஏம்மா, உனக்கு என்னதாம்மா வேணும்? அரை மணி நேரம் என்னை விடமாட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாக மேடம் மேடம் என்றவர்.

"தலைவலி இன்னும் விடலையாக்கா?"

"தலைவலியும் இல்ல, மண்ணும் இல்ல. எல்லாரும் போயிட்டா ரூமு காலியா இருக்குமேன்னு இருந்தேன். நீ வந்து தட்டிட்டே இருக்கே. ஃபார்ம்ல சிங்கிள் ரூம்னுதானே டிக் போட்டேன்?"

போட்டிருந்தார். அதைப் பார்த்தவள் நான்தான். ஆனால் அதே வாரம் அவர் மகன் போன் செய்து, "அம்மாவத் தனியா போட்டுடாதீங்க மேடம், பயப்படுவாங்க" என்றார். நானும் ரூமிங் லிஸ்ட்டில் அதை ட்வின் ஷேரிங், அதாவது இரண்டு பேருக்கு ஒரே அறை, என்று மாற்றி, அதே குரூப்பில் வந்த திருத்துறைப்பூண்டி மும்தாஜைத் துணைக்குப் போட்டுவிட்டேன். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "துணைக்கு ஆள் போட்டாச்சு தம்பி" என்று மகனிடம் சொன்னபோது எனக்கே என்மேல் ஒரே பெருமை.

கோபம் தணிந்ததும் அக்காவே பேசினார்.

"பொறந்த வீட்டுல அஞ்சு பொண்ணுங்க, ஒரே கூடம். கட்டிக்கிட்டு வந்த எடத்துல இருந்தது ஒரு ரூமு. எனக்கு ஒரு வருஷம். அப்புறம் கொழுந்தனுக்குக் கல்யாணம், அவங்களுக்கு விட்டாச்சு. அதுக்கப்புறம் நெல்லு மூட்டை அடுக்கினாங்க. இப்ப புள்ள மாடி கட்டி ஏசி போட்டிருக்கான், அது அவனுக்கும் மருமகளுக்கும். நான் கூடத்துல ஃபிரிட்ஜ் பக்கத்துல. ராத்திரி யார் தண்ணி குடிக்க வந்தாலும் எனக்கு முழிப்பு வந்துரும். ஆஸ்பத்திரியில படுத்தப்பக் கூட தொணைக்கு ஆளு. நல்லாத்தான் பாத்துக்கறாங்க, கொறை சொல்லல. ஒரு கதவை உள்பக்கமா சாத்திக்கிட்டு ஒரு ராத்திரி படுக்கணும். அவ்வளவுதான். இந்த ஆத்தையும் படகையும் பாக்கவா வந்தேன்? எங்க வீட்டுக்குப் பின்னால குடமுருட்டி ஓடுது."

மும்தாஜைப் பற்றிக் கேட்டேன். "தங்கமான பொண்ணு. அதான் தப்பு. நான் புரண்டு படுத்தா, என்னக்கா வேணும்னு எந்திரிச்சு உக்காந்துருது."

ரிசப்ஷனுக்கு ஓடினேன். ஒரு அறை கூடக் காலி இல்லை. இன்னும் இரண்டு இரவுகள்தான் பாக்கி. குரூப்பில் ஒரே ஒரு சிங்கிள் ரூம்தான் இருந்தது. டூர் மேனேஜருக்கு உரிய என் அறை.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை. வசந்தாவுக்கு ஊர் சுற்றுவதில் ஆசை என்று என்னை வீட்டில் கேலி செய்வார்கள். எந்த ஊரும் எனக்குப் பெரிதாக நினைவில் இல்லை. மாமியாரும் நாத்தனாரும் பிள்ளைகளுமாக நிறைந்த வீட்டிலிருந்து கிளம்பி, ராத்திரி ஓட்டல் அறையில் தாழ்ப்பாளைப் போட்டதும் உடம்பெல்லாம் தளரும் பாருங்கள், அதற்காகத்தான் ஒவ்வொரு டூருக்கும் ஏங்கிக் கிடந்தேன். அந்த ஏக்கம் தெரிந்த நானே இன்னொருத்தியின் டிக்கை அழித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் என் பெட்டியை மும்தாஜின் அறைக்கு மாற்றினேன். கீ கார்டைக் கையில் கொடுத்தபோது அக்கா, "அப்ப நீங்க?" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மகன் போன்.

"அம்மா கூட யாரு இருக்கா மேடம்?"

"நான் இருக்கேன் தம்பி. கவலைப்படாதீங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குக் கடைசியாக வந்தார். முகம் தெளிந்திருந்தது. ராத்திரி என்னதான் செய்தீர்கள் என்று விடாமல் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு, கட்டில் நடுவுல படுத்தேன்."

அடுத்த டூருக்கு ஃபார்மைத் திருத்தினேன். அறை பற்றிய கேள்வியை முதலில் கொண்டுவந்தேன். மகனோ கணவரோ போன் செய்தால், "அவங்ககிட்ட கேட்டுட்டு சொல்றேங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். முதலாளி கூட, "ஏம்மா, அவங்க வீட்டு ஆளுங்க திட்டப் போறாங்க" என்று பயந்தார். திட்டினார்கள்தான். திட்டட்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: பயணம் போகிறவரைக் கேளுங்கள். துணை வேண்டும் என்றால் போடுங்கள். வேண்டாம் என்றால் நம்புங்கள்.

அக்கா அதன் பிறகு எந்த டூருக்கும் வரவில்லை. பேரன் பிறந்தான், அடுத்து பேத்தி. "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். ஆனால் நான் வெளிநாட்டில் இருப்பது தெரிந்தால், தவறாமல் சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் கூப்பிடுவார். ஊரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி டூரிலும் கூப்பிட்டார்.

"ரூமுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்க்கா."

"கதவச் சாத்தியாச்சா?"

"இல்ல, இப்பதான் உள்ள வந்தேன்."

"சாத்துங்க. சத்தம் கேக்கட்டும்."

போனைத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். தாழ் 'டக்'கென்று விழுந்தது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து, "அத்தே, புள்ள அழுவுது பாருங்க" என்று ஒரு குரல்.

"இதோ வந்துட்டேன்" என்றார் அக்கா. என்னிடம் இல்லை.