பெரிய மனுஷன் வீட்டு முகப்பு

வீட்டுக்குள்ளே ஒருத்தர் குடியிருப்பார். முகப்பில், அவர் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ அந்த ஆள் குடியிருப்பார். அந்த ரெண்டாவது ஆளுக்குக் கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில்.

நான் எட்டாவதோடு நின்னவன். தென்காசியில் கொத்தனாராகக் கரண்டி பிடித்து, பிறகு மேஸ்திரியாகி, இப்போது கொஞ்ச வருஷமாக முகப்பு வேலை மட்டும் செய்கிறேன். எலிவேஷன் என்று சொன்னால்தான் மரியாதை. பேப்பரில் வரைந்தால் அது எனக்கே விளங்காது. அதனால் மனையிலேயே சவுக்குக் கம்பை ஊன்றி, பந்தல் துணியைக் கட்டி, முழு உயரத்துக்கு முகப்பை நிறுத்திக் காட்டிவிடுவேன். வீடு கட்டினவர்களுக்கும், கட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினவர்களுக்கும் இதெல்லாம் புதுசில்லை. பக்கத்து மனையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள்தானே நாம் எல்லாரும்.

லுங்கிக்கு வந்த மரியாதை

குத்துக்கல்வலசையில் வேலாயுதம் அண்ணாச்சிக்கு அரிசி மில். அடுத்த வருஷம் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு நிற்கப் போகிறார். அதே பதவிக்கு அவருடைய சகலை சண்முகையாவும் நிற்கிறார். அக்காவைக் கட்டினவர் சண்முகையா, தங்கச்சியைக் கட்டினவர் இவர். சண்முகையா குற்றாலம் ரோட்டில் வீடு கட்டி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, எத்தனை ரூம் என்பதை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார், வாசலில் வந்து நிற்கிறவன் மடித்துக் கட்டின வேட்டியைத் தன்னை அறியாமல் இறக்கிவிட வேண்டும், அதுக்கு மட்டும் வழி செய்யும் என்றார்.

மூணு நாள் யோசித்தேன். பேஸ்மட்டத்தை ஆள் மார்பு உயரத்துக்கு ஏற்றி, ஏழு படி வைத்தேன். ஏழும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மேலே போகப் போக, கால் வைக்கிற இடம் படிக்கு ஒரு விரற்கடை அகலம் கூடிக்கொண்டே போகும். ஏறுகிறவனுக்கு அது தெரியாது. ஆனால் அவன் கால் நிதானமாகிவிடும். வேகமாக வந்தவன்கூட வாசலுக்குப் பக்கத்தில் போகும்போது கோயிலுக்குள் போகிறவன் மாதிரி நடப்பான். இந்த சூட்சுமத்தை நான் அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை.

செங்கலை அடுக்கிப் படி மாதிரி வைத்து, மேலே கம்பும் துணியும் கட்டினேன். அண்ணாச்சி மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்த நேரம் ஜல்லி இறக்க வந்த லாரி டிரைவர் எங்கே கொட்டுவது என்று கேட்க ஏறி வந்தார். அஞ்சாவது படியில் அவர் கை தானாகக் கீழே போய், மடித்துக் கட்டின லுங்கியை இறக்கிவிட்டது. அண்ணாச்சி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"வே கொத்தனாரே, லுங்கியே இறங்குதுன்னா வேட்டி இறங்காதா?"

தூணுக்கு எடுத்த அளவு

தூணுக்கு என்ன கனம் என்று கேட்டதற்கு, அதை வீட்டு அம்மாவிடம் கேளும் என்று அண்ணாச்சி உள்ளே கையைக் காட்டினார். பொன்னுத்தாய் மதினி ஒரு வாரம் தவணை கேட்டாள். அக்கா மகளுக்குச் சடங்கு வருகிறது, போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றாள். சடங்குக்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பிறகு அங்கே சமையல் வேலைக்குப் போனவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பந்தி நடக்கும்போது மதினி நேராகப் போய் அக்கா வீட்டுப் போர்டிகோ தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மயக்கம் வந்துவிட்டது என்று நாலு பேர் ஓடிவந்து விசிறி, சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் சோடாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்து, என் முன்னால் ரெண்டு கையையும் வளைத்துக் காட்டினாள்:

"எங்கக்கா வீட்டுத் தூணுல என் ரெண்டு கை விரலும் லேசா தொட்டுக்கிட்டுது. என் வீட்டுத் தூண அவ வந்து பிடிச்சா தொடக் கூடாது, கேட்டியளா?"

இசக்கிமுத்து

அந்த மெலிந்த தூணை வைத்தவன் இசக்கிமுத்து. நானும் அவனும் ஒரே வேலையிடத்தில் கலவை சுமந்தவர்கள். என்னைவிட ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்தான், அவ்வளவுதான். இப்போது தென்காசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருக்கிறான். வெளியே 'கான்செப்ட் டிசைனர்' என்று போர்டு. உள்ளே ஒரு பெரிய டிவி. அதில் வீடு கட்டுவதற்கு முன்னாலேயே வீடு தெரியும், அதுக்கு விளக்கு எரியும், வாசலில் அந்த ஆள் இன்னும் வாங்காத கார் நிற்கும். என் சவுக்குக் கம்பும் பந்தல் துணியும் அதுக்கு முன்னால் எம்மாத்திரம்?

வெளியே நான் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் அவன் ஒரு வீட்டை முடித்தான் என்று கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப் பக்கம் நிறுத்திப் பார்ப்பேன். விளிம்பு நேராக இருக்கிறதா, மழைத் தண்ணி சுவரில் வழிகிறதா, பூச்சில் எங்கேயாவது முடி போல ஒரு கீறல் இருக்கிறதா? கீறல் இருந்தால் அன்றைக்கு ரெண்டு தோசை கூட இறங்கும். சண்முகையா வீட்டில் அரை மணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. தெரிந்த ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு அந்த வழியாகப் போனபோது என் வீட்டுக்காரியையும் இறக்கி நிறுத்தி மறுபடி ஒரு தடவை பார்த்தேன். அவள் சொன்னாள்:

"என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நீங்க இப்படிப் பாக்கலயே."

சிங்கம் திரும்பின திசை

கேட் தூண் மேலே ரெண்டு சிங்கம் வேண்டும் என்றார் அண்ணாச்சி. வாசுதேவநல்லூரிலிருந்து சிமெண்டில் உருவம் செய்கிறவரைக் கூட்டி வந்தேன். ஊரில் எங்கேயும் ஜோடிச் சிங்கம் என்றால் ஒன்றை ஒன்று பார்க்கும், இல்லையென்றால் ரெண்டும் ரோட்டைப் பார்க்கும். அண்ணாச்சி ரெண்டுக்கும் கழுத்து மேற்கே திரும்ப வேண்டும் என்றார். மேற்கே குற்றாலம் ரோடு. அந்த மனுஷன் கம்பியை வளைத்துக்கொண்டே என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, சிங்கத்தின் மூஞ்சியைப் பார்த்தபடி கேட்டார்:

"அப்போ சிங்கத்துக்கும் சகலை மேலதான் கோவமா?"

செருப்பு

இனிமேல்தான் நான் செய்த தப்பு. படிக்கெல்லாம் கறுப்பு கிரானைட் ஒட்டி முடித்தபிறகு அண்ணாச்சி சொன்னார், இதில் ஒருத்தன் செருப்பும் கிடக்கக் கூடாது, பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று. நானும் அதுக்கு மேலே ஒரு படி போனேன். என் முகப்புக்கு முன்னால் தேய்ந்த ரப்பர் செருப்பு கிடப்பதா? காம்பவுண்டுக்கு வெளியே, பக்கச் சுவர் ஓரமாக ஒரு இடத்தைக் காட்டி, எல்லாரும் இங்கேயே கழட்டட்டும் என்றேன். மேலே ஒரு தகடுகூடப் போடவில்லை.

வைகாசிக் கடைசியில் பால்காய்ப்பு. அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் படியைப் பார்த்து அசந்தார்கள், தூணைத் தட்டிப் பார்த்தார்கள், வேட்டியை இறக்கிவிட்டார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே போனால், அந்தச் சுவர் ஓரத்து ஓடையில் ஓடின தண்ணியோடு பாதிச் செருப்பைக் காணோம். மிச்சம் இருந்ததெல்லாம் ஊறிக் கிடந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய வியாபாரிகள் எல்லாம் சேற்றில் ஜோடி தேடினார்கள். அச்சன்புதூரில் உரக்கடை வைத்திருக்கிற ஒருத்தர் கடைசியில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார்:

"வீட்டச் சொல்லக் குறையில்ல அண்ணாச்சி. ஆனா இங்கன வரணும்னா செருப்ப நம்ம வீட்லயே விட்டுட்டு வரணும் போல."

எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தது

அதுக்குப் பிறகு அண்ணாச்சி வீட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. ஒரு வார்த்தை பேச வருகிறவன்கூட கேட்டுக்கு வெளியே வண்டியில் இருந்தபடியே போன் போடுவான். செருப்பைக் கழட்டி, நனைந்து, ஏழு படி ஏறுவானேன் என்று நினைத்திருப்பான். தேர்தல் நெருங்க நெருங்க அண்ணாச்சி மேலே தனியாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றாலச் சீசன் சமயத்தில் ஒருநாள் சண்முகையா வீட்டு எதிரே வண்டியை நிறுத்தினேன். மறுபடி கீறல் தேடத்தான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. போர்டிகோவுக்கு முன்னால், ரோட்டைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில் வீட்டு நீளத்துக்கும் ஒரு கல் மேடை. மேலே நீட்டி இறக்கின தகடு. அதில் ஒரு சொட்டு நனையாமல் வரிசையாகச் செருப்பு. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, ஷூ என்று இருபத்தேழு ஜோடி. அருவிக்குப் போகிற காரெல்லாம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்களாகக்கூட இருக்கலாம். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியுமா? தூணும் சிங்கமும் சொல்ல முடியாததை இசக்கிமுத்து அடுத்தவர்கள் செருப்பை வைத்தே சொல்லிவிட்டான். நான் பிறந்ததிலிருந்து வாசலில் செருப்பைப் பார்க்கிறேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நனைந்துகொண்டே நின்றேன். சீசனுக்கு மட்டும் வெளியூரிலிருந்து வந்து மங்குஸ்தான் விற்கிறவர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தார். அது யார் வீடு, தெரியுமா என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாது. ஆனா கிடக்க செருப்பப் பாத்தா பெரிய ஆளுதான்."

தோற்ற மறுநாள்

அண்ணாச்சி தோற்றார். முகப்பினால்தான் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். சண்முகையா எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகிற மனுஷன். ஆனால் ஊர் சொன்னது. ஏழு படி ஏறினாத்தான் ஏறிட்டுப் பாப்பாரு என்று கடைக்குக் கடை சிரித்தார்கள். பொன்னுத்தாய் மதினி அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. போனேன். அண்ணாச்சி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் பரவாயில்லை. படியை உடைத்துவிட்டு ரோட்டு மட்டத்துக்கு வாசலை இறக்கப் போவதாகச் சொன்னார். என் தொழிலில் நான் நல்லது என்று நினைக்கிற வேலை அந்தப் படி ஒன்றுதான். நானே மாற்றித் தருகிறேனே என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உம்ம மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல வே. நாளைக்கு இசக்கிமுத்த வரச் சொல்லியிருக்கேன்."

அவன் ஏறி இறங்கினான்

போகக் கூடாது என்று இருந்தேன், போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் மில் ஆட்கள் பத்துப் பேரோடு நின்றுகொண்டேன். இசக்கிமுத்து காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறினான். பாதியில் நின்று குனிந்து, விரலை மடக்கி ஒவ்வொரு படியிலும் கால் வைக்கிற இடத்தை அளந்தான். அவன் டிவியில் அளக்கிறவன். விரலால் அளந்து நான் பார்த்து முப்பது வருஷம் இருக்கும். அண்ணாச்சி உடைப்புக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அவன் பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"இதுல கை வைக்க நான் வரல அண்ணாச்சி. ஒவ்வொரு படிக்கும் ஒரு விரக்கட கூடிக்கிட்டே போவுது, கவனிச்சியளா? இது எனக்குத் தோணலியேன்னு இருக்கு. கீழ செருப்புக்கு ஒரு கூரை மட்டும் போடுங்க, மத்தது அப்படியே இருக்கட்டும்."

படி தப்பித்தது. நான் வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு வேண்டாம் என்றேன். வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, புகழ்ந்துதானே பேசியிருக்கிறார், அதுக்கு ஏன் இந்த மூஞ்சி என்றாள். எப்படிச் சொல்வது? அவனுடைய செருப்பு மேடையைப் பார்த்து மழையில் நின்ற அன்றைக்கே நான் அவன் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் என் படியைப் பார்த்த அதே நிமிஷம் சொல்லிவிட்டான், அதுவும் பத்துப் பேர் முன்னால். ஆபீஸ் வைத்ததில் முந்தினான், செருப்பில் முந்தினான், இதிலுமா முந்த வேண்டும்? இதைச் சொன்னதும் அவள் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பொறாமப்படதுக்கு இனி அவருகிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு நாளைக்குப் போயி பாத்துட்டு வாங்க. இப்போ சாப்பிடுங்க."

நான் இதுவரை எழுப்பின முகப்பு எல்லாவற்றிலும் சிமெண்டைவிட வயிற்றெரிச்சல்தான் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. சிமெண்டு அங்கங்கே விரிசல் விட்டிருக்கிறதே தவிர, இது மட்டும் இன்னும் ஓர் இடத்திலும் விடவில்லை.