பதிவு ஓடும்போது சிரிக்கக் கூடாது

மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்கு என் பக்கத்து மேசை. வேகமாக ஓடும் மீட்டரையும் மெதுவாக ஓடும் மீட்டரையும் பிடித்துத் தனியே வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் அரைநொடி. முகத்துக்கு நேரே சார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படங்கள் என்றால் உயிர். சாப்பாட்டு வேளையில் கையைக் கழுவியதும் ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலத்து ஆட்கள் கொட்டகையை மனதில் வைத்து நடித்தவர்களாம். ஒரு ஜோக் சொன்னதும் அடுத்த ஆள் உடனே வாயைத் திறக்க மாட்டாராம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம். ஜனங்கள் சிரித்து ஓயட்டும், அடுத்த வசனம் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக. எந்தப் படத்தில் எத்தனை விநாடி துடைக்கிறார் என்று அளந்தும் வைத்திருந்தார். அவர் விளக்கி முடிப்பதற்குள் எப்பேர்ப்பட்ட ஜோக்கும் செத்துவிடும். ஆனால் அவர் கண் மட்டும் பளபளவென்று இருக்கும். அதற்காகவே நான் உட்கார்ந்து கேட்பேன்.

வீடியோவெல்லாம் அவர் வீட்டுக்கு எட்டாத காலம். ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் பழைய படம் போடும்போது, பெட்டிக்கு எதிரே ஒரு ஸ்டூலில் மடித்த போர்வையை விரித்து, அதன்மேல் டேப் ரெக்கார்டரை வைத்துச் சத்தத்தை மட்டும் பிடிப்பார். மின்விசிறி ஓடக் கூடாது. ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. சிரிப்புப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

ஒரு ஞாயிறு என்னையும் அழைத்திருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டை நான்காக மடித்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் ஏழு வயது மகள், முகத்தைத் தலையணையில் புதைத்தபடி. அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வெடித்தது. பதிவை நிறுத்தினார். அதோடு என் சகவாசத்தையும் அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த ஸ்டூலை எட்டி உதைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி காலமானார். அதற்கும் இரண்டு வருடம் கழித்து, வெளியூரில் இருக்கும் மகள் போனில் அவரிடம் ஒன்று கேட்டாள்.

"அம்மா சிரிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கறேன்பா. முகம் வருது, சத்தம் வரல. உங்க கேசட்ல எங்கயாவது இருக்கும்ல?"

மகளின் கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டை ஏற்றிவிட்டிருந்தார்கள். போனில் இருந்ததெல்லாம் புகைப்படங்கள்தான். ஆக, மிச்சமிருந்தது அவருடைய நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள். தேடித் தருகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்காகத்தான், ஓய்வுக்குப் பிறகு முதல் முறையாக என்னைத் தேடி வந்தார். டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தாராக உருகிப் போயிருந்தது. அலைந்து திரிந்து ஒன்று வாங்கி மாட்டிக் கொடுத்தேன். பிறகு சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம். கூடத்தில் அவர், காதில் ஹெட்போன். வீட்டில் வேறு சத்தம் கிடையாது. வாசல் மணி அடித்தால் அவருக்குக் கேட்காது என்பதால் கதவைத் தாழ்போடாமலே விட்டிருந்தார்.

முதல் முறையாக அவர் படத்தைக் கேட்கவில்லை, படத்துக்குப் பின்னால் இருந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நோட்டில் குறித்து வந்தார். மகள் தும்மல். தெருவில் ஸ்கூட்டர். கதவு கிரீச். 'உஷ்' என்று அவர் குரல், எக்கச்சக்கமான இடங்களில். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். ஒரு ஆண் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றார். "ஒரு கேசட் பாக்கியில்ல, எல்லாத்துலயும் சிரிச்சிருக்கேன். சட்டமெல்லாம் அவங்க ரெண்டு பேருக்குத்தான் போலருக்கு."

நடிகர் கண்ணாடி துடைக்கும் இடம் வந்தால் மட்டும் சத்தத்தை முழுக்க ஏற்றுவார். ஜனங்கள் சிரிப்பதற்கென்று விட்ட அந்த இடத்தில் நாடா இரைவது மட்டும் கேட்கும். "இங்கதான் உக்காந்திருக்கா தம்பி" என்பார். நானும் ஆமாம் சார் என்பேன்.

தொண்ணூற்றேழாவது கேசட் வந்த அன்று நான் இருந்தேன். ஹெட்போன் இல்லாமல் இருவருமாகக் கேட்டோம். படம் முடிந்து இசை ஓய்ந்தது. வழக்கமாக அதோடு பொத்தானை அமுக்கிவிடுவார். அன்றைக்கு விரல் ஏனோ தாமதித்திருக்கிறது. மூச்சு முட்ட, துண்டை அப்போதுதான் வாயிலிருந்து எடுத்த மாதிரி, பெண் குரல் ஒன்று கேட்டது.

"முடிஞ்சுதா? இப்ப சிரிக்கலாமா?"

டக். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

இன்னும் பதினைந்து இருக்கிறது, பார்க்கலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மகளைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டு, அந்த இடத்தை ஓடவிட்டார். அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார்.

"அப்புறம் அம்மா சிரிச்சாங்களாப்பா?"

சிரித்தாள் என்று சொல்லிவிடுங்கள் சார், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. கையால் ஜாடைகூடக் காட்டினேன். முப்பது வருடத்தில் ஒரு மீட்டருக்குக்கூட பொய்யாக முத்திரை குத்தாத மனுஷன் அவர். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். "நான் கேசட்டுக்கு லேபிள் எழுத உக்காந்துட்டேன்."