மூடிடுவாங்களா என்று கேட்ட அக்கா

குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சிறு சுகாதார நிலையத்தால் மக்களுக்கு என்ன பலன் என்று, அங்கே மாத்திரை வாங்குகிறவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் காலை பஸ் ஏறிப் போவேன்.

நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஓர் அக்கா மிளகாய் காயவைத்துக்கொண்டே பதில் சொன்னார். சுகர் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதாம். டாக்டர் நல்லவராம். எல்லாமே நன்றாக இருக்கிறதாம். வீட்டில் சமீபத்தில் யாராவது தவறிப்போனார்களா என்று கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"எங்க வூட்டுக்காரருதான். போன மழையில."

சாயங்காலம் நெஞ்சுவலி என்று அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிரே ஓடியிருக்கிறார். பூட்டு தொங்கியது. மதியத்துக்கு மேல் அங்கே யாரும் இருப்பதில்லை. ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் போகிறபோது பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அப்புறம் ஏன்க்கா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றீங்க?"

"இல்லன்னு நீ எழுதினா மூடிடுவாங்களாம்மா? எம் பொண்ணு முழுகாம இருக்கா. காலையில ஊசி போடவாவது அது வேணுமில்ல?"

மூட மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பூட்டியிருந்ததையும் எழுதட்டுமா என்று கேட்டேன். மிளகாயை ஒருமுறை புரட்டிவிட்டார்.

"எழுது. எம் பேர மட்டும் சொல்லாத."

எழுதியதையெல்லாம் தொகுக்கக் கடலூரில் கூட்டிய கூட்டத்தில், பேர் சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன். கணக்கெடுப்பை நடத்திய அதிகாரி எரிச்சலாக, "மாத்திரை வாங்குறவங்க எல்லாரும் திருப்தின்னுதானே சொல்லியிருக்காங்க?" என்றார்.

"பூட்டினப்புறம் வந்து திரும்பிப் போனவங்கள நாம கேக்கவே இல்லையே, சார்."

அறிக்கையின் கடைசியில், மதியத்துக்கு மேல் நிலையம் பூட்டியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். நிலையத்தை மூடவில்லை, நேரத்தையும் மாற்றவில்லை. அக்கா தன் மகளை மாதம் நெருங்குமுன்பே சிதம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். அங்கேயே பெண் குழந்தை பிறந்திருந்தது.

"இங்க நல்லாத்தான் பாத்தாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா வலி என்ன மணி பாத்தா வரும்?" என்றார்.

குழந்தையை என் மடியில் வைத்தார். நல்ல கனம். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனாலும், சிதம்பரத்தில் சொந்தக்காரர் இல்லாத வீடுகளே என் நினைவில் வந்துகொண்டிருந்தன.