திருப்பிப் போட்ட நெஞ்சு

எக்ஸ்ரே எடுக்குற தொழில்ல ஒரு நல்லது, ஒரு கெட்டது. வந்தவங்க வாசல் தாண்டினதும் நம்ம மூஞ்சிய மறந்துடுவாங்க, அது நல்லது. அவங்க உள்ளுக்குள்ள பாத்ததை நம்மளால மறக்க முடியாது, அது கெட்டது.

நான் எஸ்தர். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ஸ்கேன் சென்டர்ல பதினாறு வருஷமா இதே வேலை. காலையில செவிலிமேட்டுல டவுன் பஸ் ஏறி வந்து, ஜன்னலே இல்லாத ரூமுக்குள்ள பூந்தேன்னா, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, ஆங், விடுங்க"ன்னு சாயங்காலம் வரைக்கும் கத்தல்தான். வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டாக்கூட நடுவுல "மூச்ச புடிங்க"ன்னு வந்துடுது. லேபு, ஸ்கேன், ஈசிஜின்னு இருட்டு ரூம்ல காலத்தை ஓட்டுற கூட்டாளிங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்களும் கேளுங்க, ராத்திரி தூக்கம் வரலைன்னா என்னைத் திட்டக் கூடாது.

கூரத்து அம்மா

கூரத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, அறுபத்தஞ்சு வயசு இருக்கும். டாக்டர் சீட்டுல முட்டி எடுக்கச் சொல்லி இருக்குது. அந்தம்மா முட்டியைக் காட்டவே மாட்டேங்குறாங்க. "மருமவ சோத்துல மருந்து வெச்சுட்டா. முடியும் நகமும் உருண்டையா வயித்துல உக்காந்துக்கினு இருக்குது. அதை எடு"ன்னு ஒரே அடம். நானும் கெஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன். கடைசியில "முட்டிய எடுத்தாத்தான் வயித்துக்குப் போக முடியும்"னு ஒரு பொய்யைச் சொல்லி எடுத்தேன்.

படம் கம்ப்யூட்டர்ல வந்ததும் எட்டிப் பாத்தாங்க. வெள்ளை வெளேர்னு ரெண்டு எலும்பு. அதுவரைக்கும் ஓயாம பேசிக்கினு இருந்தவங்க கப்சிப். மருமவ, மருந்து எல்லாம் மறந்து போச்சு. தன் முட்டியைத் தடவிக்கினே ரொம்ப நேரம் பாத்துட்டு சொன்னாங்க: "சுடுகாட்டுல எம்புள்ள பொறுக்க வேண்டியதை எனக்கு இப்பவே காட்டிட்டியேம்மா."

முப்பதாவது பொண்ணு

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தாங்க. வேலைக்குச் சேர நெஞ்சு எக்ஸ்ரே வேணும். ஒரு நாள் காலையில வேன்ல முப்பது பொண்ணுங்களைக் கொண்டாந்து எறக்கிட்டாங்க.

இங்க ஒரு தொழில் விஷயம் சொல்லணும். ஈயத்துல வெட்டின குட்டி எழுத்துங்க ரெண்டு எங்ககிட்ட இருக்கும். இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு ஆர். எடுக்குறதுக்கு முன்னாடி பிளேட்டு ஓரத்துல ஒட்டணும். படத்துல அதுவும் சேர்ந்து வெள்ளையா விழும், எந்தப் பக்கம் எதுன்னு குழப்பம் வராது. அதுதான் முறை. கூட்டம்னா யாரு ஒட்டுறாங்க? அப்புறம் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிக்கலாம்னு விட்டுடுவோம். கூட்டாளிங்களே, யோக்கியனுங்க மாதிரி பாக்காதீங்க, நீங்களும் அப்படித்தான்.

முப்பதாவதா வந்தவ குழலி. பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்யுற குடும்பம். ஏகாம்பரநாதர் கோயில் அம்பாள் பேரைத்தான் வெச்சிருந்தாங்க. இருபத்தாறு வயசு, ஒல்லி ஒடம்பு, தறியில உக்காந்து உக்காந்து லேசா குனிஞ்ச முதுகு. அவ படம் வந்துச்சு. பாத்தா, இருதயம் வலப்பக்கம் இருக்குது! இரைப்பையில இருக்குற காத்துக்கூட வலப்பக்கம்.

"சே, மெஷின்ல பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்"னு என்னை நானே திட்டிக்கினேன். முன்பக்கம் பின்பக்கம்னு ரெண்டு பட்டன், மாத்தி அமுக்கினா படம் இடம் வலமா வந்துடும். அப்பப்ப நடக்குறதுதான். மௌஸ்ல ஒரு கிளிக். படம் திரும்பிச்சு, இருதயம் இடப்பக்கம் போயி உக்காந்துச்சு. எல்னு டைப் பண்ணேன். உள்ளுறுப்பு எல்லாமே இடம் வலம் மாறிப் பொறக்குறவங்க ஆயிரக்கணக்குல ஒருத்தர் உண்டுன்னு படிச்சவதான் நான். பாஸ் மார்க்குக்காகப் படிச்ச ரெண்டு வரி, பரிட்சை முடிஞ்சதும் போயே போச்சு.

குழலி துணி மாத்தப் போனவ, என் தோளுக்குப் பின்னாடி வந்து நின்னா. "மா, எனக்கு நெஞ்சு இந்தப் பக்கம்தான் அடிக்கும்"னு வலப்பக்கம் கைய வெச்சுக் காட்டினா. "எக்ஸ்ரேன்னா எதிர்ல நின்னு பாக்குற மாதிரி. மாறித்தான் தெரியும், போம்மா"ன்னு தொரத்தினேன். துணி மாத்துற மூலையில ஒரு நிலைக்கண்ணாடி உண்டு. அதுக்கு முன்னாடி போயி அதே மாதிரி கைய வெச்சுக்கினு நின்னா. கண்ணாடிக்குள்ள இருந்தவளோட கை மட்டும் நம்ம எல்லாரையும் போல இடப்பக்கம் இருந்துச்சு. எனக்கு என்னவோ போல ஆயி, ட்யூப் லைட்டை எல்லாம் போட்டுட்டேன். கிளம்புறப்ப கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுப் போனா: "பொடவைய திருப்பிப் போட்டா எனக்குத் தெரியாதா மா? அந்தப் படம் உள்பக்கம்."

அப்பா படம்

ஒரு நாள் ஒருத்தர் வந்து, "ஆறு மாசம் முன்னாடி எங்கப்பாவுக்கு எடுத்தீங்க மேடம், அந்தப் படம் ஒரு காப்பி வேணும்"னார். எதுக்குன்னேன். அப்பா தவறிட்டாராம். செத்தவங்க படம் எதுக்கு சார் வீட்டுலன்னு நெனச்சேன், கேக்கல. ஃபைலைத் தேடி எடுத்துக் காட்டினேன். விலா எலும்பெல்லாம் நல்லா விரிஞ்சு, நெஞ்சு நிறைய காத்து. நான் கத்தினபடியே பெரியவர் ஒழுங்கா மூச்சு இழுத்திருக்காரு.

மகன் திரையைத் தொட்டுப் பாத்துட்டு என்கிட்ட திரும்பினார்: "நீங்க விடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி எடுத்தது தானே மேடம் இது? அப்போ எங்கப்பா இதுல இன்னும் மூச்ச புடிச்சுக்கினுதான் இருக்காரு."

பஷீர் பாய் சொன்னது

எங்க சென்டர்ல ஈசிஜி எடுக்குறவர் பஷீர் பாய். எதுக்கும் அசர மாட்டார், அடிதடி கேஸுக்குக் கூட ஜோக் அடிச்சுக்கினே ஒயர் மாட்டுவார். குழலி கம்பெனியில சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆனப்புறம், படபடப்புன்னு அவர்கிட்ட வந்திருக்கா. ஒயர் மாட்டினா கோடு தலைகீழா வருது. கையில மாட்டின ஒயரை மாத்திட்டோம்னு நெனச்சு, வலது கை ஒயரை இடது கையில மாட்டி மறுபடி எடுத்திருக்கார். கை ஒயர்ல வர்ற கோடு நேராயிடுச்சு. அதையே கிழிச்சுக் குடுத்து அனுப்பிட்டார்.

டீ குடிக்க என் ரூமுக்கு வந்தவர் அன்னிக்கு ஒரு ஜோக்கும் அடிக்கல. "பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு, குழலி"ன்னு அவர் சொன்னதும் எனக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்துடுச்சு. பழைய படத்தை அப்பவே தொறந்து பாத்திருக்கணும். சும்மா இருந்த சங்கை ஊதுவானேன்னு விட்டுட்டேன். பாய் டீயைக் கீழ வெச்சுட்டுச் சொன்னார்: "நெஞ்சுல ஒயரை இடப்பக்கமா நகத்த நகத்த கோடு சின்னதாயிக்கினே போவுது. ஆளு படுத்துக்கினு என்னையே பாக்குது. கதவைத் தட்டினா வீட்டுல யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு, எஸ்தரும்மா."

ஈய எழுத்து

அதுக்கப்புறம் ஆறு மாசம். நல்ல மத்தியானம், வெளிய மழை. பக்கத்து நர்சிங் ஹோம்ல இருந்து ஸ்ட்ரெச்சர்ல ஒரு பொண்ணைத் தள்ளிக்கினு வந்தாங்க. கூட அவ புருஷன் மணி, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சுக்கினு. ரெண்டு நாளா அடிவயித்துல இடப்பக்கம் வலி, வாந்தி, ஜுரம். கிட்னியில கல்லு இருக்கும்னு டாக்டர் நினைக்கிறார். வயிறும் நெஞ்சும் எடுக்கச் சொல்லி சீட்டு. மூஞ்சி வெளுத்துப் போயி அடையாளமே தெரியல. கையைப் பாத்துத்தான் குழலின்னு கண்டுபுடிச்சேன். வலது மார் மேல வெச்சிருந்தா.

அவ என்னை அடையாளம் கண்டுக்கினா. கிட்ட குனிஞ்சேன். அனல் மாதிரி மூச்சு. "இந்தத் தடவையாவது திருப்பாதீங்க மா"ன்னா.

மேஜை ட்ராயரைக் கவுத்து, ரப்பர் பேண்டுக்கும் பேனா மூடிக்கும் நடுவுல கிடந்த அந்த ஈய எல் எழுத்தைத் தேடி எடுத்தேன். அவ இடப்பக்கம் எதுன்னு மூணு தடவ சரிபாத்து, அவளையே இடது கைய தூக்கச் சொல்லி, பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். மணி தாங்கிப் புடிச்சுக்கினாரு. மூச்ச புடிக்கச் சொன்னேன். புடிச்சா.

படம் வந்துச்சு. இருதயம் வலப்பக்கம், இரைப்பை வலப்பக்கம். இடப்பக்கம் இருக்க வேண்டியது ஒண்ணுகூட அங்க இல்ல, நான் ஒட்டின எல் மட்டும் தனியா வெள்ளையா நிக்குது. என்ன சொல்ல, அப்பவும் என் விரல் தானா மௌஸ் மேல போச்சு! பதினாறு வருஷப் பழக்கம். திருப்பினா அந்த எழுத்தும் கூடவே கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் வலமாத் திரும்பும், பொய்யைக் காட்டிக் குடுத்துடும். விரலை இழுத்து முந்தானைக்குள்ள மூடிக்கினேன். வெளிய மணி யாருகிட்டயோ போன்ல சொல்லிக்கினு இருந்தாரு: "கல்லுதானாம், பயப்படாதீங்க, கரைஞ்சிடுமாம்."

பழைய படம்

டாக்டருக்குப் போன் போட்டேன். "சார், குழலிக்கு எல்லாம் இடம் வலம் மாறி இருக்குது"ன்னேன். அவர் அலட்டிக்கவே இல்ல. "பழைய எக்ஸ்ரே என் கையிலதாம்மா இருக்கு. உங்க சென்டர்ல எடுத்ததுதான். இருதயம் இடப்பக்கம் இருக்கு. ஈசிஜியும் உங்களுதுதான், அதுவும் நார்மல். நீ இன்னிக்கு மாத்தி எடுத்துட்ட, மறுபடி எடு"ன்னார்.

பாத்தீங்களா? நான் பண்ண பொய்யே என் முன்னாடி சாட்சி சொல்ல வந்து நிக்குது. மறுபடி எடுத்தா இன்னும் அரை மணி போவும், அப்பவும் அவர் நம்ப மாட்டார். அந்தப் பொண்ணு ஸ்ட்ரெச்சர்ல முட்டியை மடக்கிக்கினு துடிக்குது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தாண்ட முதலாளி என்னையே பாத்துக்கினு நிக்கிறார். பஷீர் பாய் எல்லாத்தையும் கேட்டுட்டு, சொல்லிடுன்னு தலைய ஆட்டினார். கர்த்தரே, வேலை போனா போவட்டும்.

"சார், அந்தப் பழைய படம் பொய். நான்தான் திருப்பிப் போட்டேன். அந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னா, நான் கேக்கல. ஈசிஜியும் ஒயரை மாத்தி மாட்டி எடுத்தது. இன்னிக்கு ஈய எழுத்து ஒட்டி எடுத்திருக்கேன் சார், நீங்களே வந்து பாருங்க"ன்னேன்.

அவர் மெதுவா, எனக்குச் சொல்ற மாதிரி இல்லாம பேசினார். "அப்போ குடல்வாலும் இடப்பக்கம்தான் இருக்கும். அது கல்லு வலி இல்ல. உடனே அனுப்பும்மா, தியேட்டர் ரெடி பண்றேன்." போனை வெக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னார்: "ரெண்டு நாளா நான் வேற யாருக்கோ வைத்தியம் பாத்துட்டு இருந்திருக்கேன்."

குழலி கேட்டது

பொழைச்சுக்கினா. குடல்வால் வெடிக்கிற நிலைமையில இருந்துச்சாம், இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா அவ்வளவுதான்னாங்க. இப்படி மாறிப் பொறந்தவங்க நல்லாவே வாழலாம், ஊசி போடுறவங்கள்ல இருந்து ஆபரேஷன் பண்றவங்க வரைக்கும் முன்னாடியே சொல்லிடணும், அவ்வளவுதான்னு டாக்டர் ஒரு அட்டையில பெருசா எழுதிக் குடுத்திருக்கார். முதலாளி ஒரு வாரம் கத்தினார். வேலைய விட்டு மட்டும் தூக்கல, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, நானும் கேட்டு வம்பை வாங்கிக்கல.

தையல் பிரிச்சதும் குழலியும் மணியும் வந்தாங்க. நான் எழுந்து நின்னு அவ கையைப் புடிச்சுக்கினேன். "என்னை மன்னிச்சுடும்மா, நீ சொன்னதை நான் காதுல வாங்கல"ன்னு சொல்லும்போதே அழுகை வந்துடுச்சு. அவ படத்தைக் காட்டச் சொன்னா. காட்டினேன். எல் எழுத்துல இருந்து ஆரம்பிச்சு, புதுப் பொடவைய விரிச்சுப் பாக்குற மாதிரி மேலயும் கீழயும் நிதானமாப் பாத்தா. "ம், இது நான்"னா.

பழசையும் பக்கத்துல தொறந்து வெச்சேன். ரெண்டு நெஞ்சும் திரையில ஒண்ணை ஒண்ணு பாத்துக்கினு நின்னுச்சு. பழசு அழகா, ஒழுங்கா, எந்தக் குறையும் இல்லாம இருக்குது. அவ அதையும் ஓரம் ஓரமா விரலை வெச்சுப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்து, விளையாட்டா இல்ல, நிஜமாவே கேட்டா: "என் பேரைப் போட்டுக்கினு இத்தனை நாளா இதுல இருந்தவ யாரு மா?"

அவங்க போனதும் கதவைச் சாத்திக்கினு பழைய ஃபைலுங்களைத் தொறந்தேன். ஈய எழுத்து இல்லாத படம் எத்தனைன்னு பாத்தேன். பக்கம் பக்கமா வந்துக்கினே இருக்குது. எல்லாருக்கும் இருதயம் இடப்பக்கம். எது தானா அங்க இருக்குது, எது நான் ஒரு கிளிக்குல கொண்டு போயி வெச்சதுன்னு ஒண்ணுலயும் எழுதி வெக்கல. கண்ணு வலிக்கிற வரைக்கும் பாத்துட்டு மெஷினை அணைச்சேன், இருட்டுத் திரையில என் மூஞ்சி தெரிஞ்சுது, கை என்னை அறியாம என் நெஞ்சு மேல இருந்துச்சு.

பதினாறு வருஷமா ஊருக்கே "மூச்ச புடிங்க"ன்னு கத்தினவ, இப்போ ஒவ்வொரு படமும் அந்த ஈய எழுத்தோட வர்ற வரைக்கும் நான்தான் புடிச்சுக்கினு நிக்கிறேன்.