வெள்ளைக் குதிரை வருஷத்துப் பெண்

பியோ ஒக்ரிம் அக்காவும் நானும் கொரியாவின் இஞ்சியோனில் வீடு மாற்றித் தரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். மாடி ஜன்னல் வழியாகச் சாமான் ஏற்றி இறக்கும் ஏணி லாரியை நான் ஓட்டுகிறேன். அவள் சமையலறையைக் கட்டிக் கொண்டுபோய்ப் புது வீட்டில் அடுக்குகிறாள். அவள் கையில் ஒரு கிண்ணம் உடைந்ததில்லை. ஆனால் அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் முழுசாகத் திரும்பியதும் இல்லை.

புது வீட்டுக்குள் முதலில் போகவேண்டியது ரைஸ் குக்கர். அப்போதுதான் சோற்றுக்குக் குறைவிருக்காது என்பார்கள். வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் கத்திக்கொண்டிருப்பார்கள் என்பதால் அக்காவே அதைத் தூக்கிக்கொண்டு போவாள். எங்கள் ஊர்க் குக்கர்கள் பேசும். "சோறு வெந்துவிட்டது, கிளறிவிடுங்கள்" என்று ஒரு பெண் குரலில் பணிவாகச் சொல்லும். அக்கா கையில் இருந்தால் மட்டும் வயர் தொங்கும்போதே பேசுமாம். அதுவும் அவள் காதுக்கு மட்டும்.

"சூடு தணிஞ்சிருச்சுங்குது தம்பி. இந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒத்துப்போகாது பாரு" என்றாள் ஒருமுறை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வசந்தத்தில் அதே வீட்டுச் சாமான்களை இரண்டாகப் பிரித்து இரண்டு லாரியில் ஏற்றியதும் நாங்கள்தான்.

தாக் கிஜுவை அவள் பார்த்தது அப்படி ஒரு வேலையில்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், பெரிய உடம்பு, சின்னக் குரல். நிச்சயம் செய்த பெண் கைவிட்டுப் போனதால் தனி ஆளாக ஒரு சின்ன வீட்டுக்கு மாறினான். அக்கா குக்கரோடு வாசலில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க குக்கர் ரெண்டு பேருக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுது. பழுதாயிருச்சுபோல."

"பழுதில்லீங்க" என்றான் அவன், காதெல்லாம் சிவந்து. "அதுக்கு என் பசி தெரியும்."

அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். அடுத்த வாரம் மூக்கில் கண்ணாடியோடு வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, பவரே இல்லாத கண்ணாடி. ஆள் மட்டும் கிறங்கியிருந்தாள்.

இனி சொல்லப்போவதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர். அக்கா பிறந்தது வெள்ளைக் குதிரை வருஷத்தில். அந்த வருஷத்துப் பெண் அடங்கமாட்டாள், புருஷனை முழுங்கிவிடுவாள் என்று ஜோசியக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வயிற்றிலிருப்பது பெண் என்று தெரிந்ததும் கலைத்தவர்கள் ஏராளம். அக்காவின் அம்மாவும் ஆஸ்பத்திரிப் படிவரை போனவள்தான். அங்கிருந்து செருப்பைக் கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டாள். அப்பா ஒரு வருஷம் பொறுத்து, ஆட்டு வருஷத்துக் குழந்தை என்று பிறப்பைப் பதிந்தார். ஆட்டு வருஷத்துப் பெண் சாது, குடும்பத்துக்கு ஆவாள்.

கல்யாணப் பேச்சு வந்ததும் கிஜுவின் அம்மா அந்த ஆட்டு வருஷத்தைத்தான் ஜோசியரிடம் கொடுத்துப் பொருத்தம் பார்த்தாள். அமோகமாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெரிய வீடு பார்த்து, கெட்ட ஆவிகள் ஊரில் இல்லாத நாளாகத் தேர்ந்து சாமான் மாற்றச் சொன்னாள். எங்கள் கம்பெனிதான். அக்கா பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் கூடிவரும். எனக்கு அவள் பேசாமல் இருப்பாள் என்ற நம்பிக்கை இல்லை.

கிஜுவின் அம்மா, அக்காவுக்கு அத்தை ஆகப்போகிறவள், வாசலில் நின்று கைதட்டி வரவேற்றாள். "வாம்மா, என் ஆட்டுக்குட்டி! குக்கரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வலது காலை வை!"

அக்கா நின்றுவிட்டாள். அப்போது குக்கர் பேசியது.

"நீராவி வெளியேறப் போகிறது. சற்று விலகி நில்லுங்கள்."

எனக்கே கேட்டது. அத்தை துள்ளிப் பின்னால் போனாள். அக்காவுக்குப் பின்னால் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்த கிஜு, அவள் முழங்காலருகே ஆடிய வயரையே பார்த்தான். "சொருகவே இல்லையே" என்றான்.

"அத்தை" என்றாள் அக்கா. "நான் ஆடு இல்ல. வெள்ளைக் குதிரை. அப்பா மாத்திப் பதிஞ்சுட்டாரு."

அத்தையின் முகம் வெளிறிப்போனது. மகனைப் பார்த்தாள். "டேய், இவ உன்னை முழுங்கிருவாடா!"

"நான் எண்பத்தெட்டுக் கிலோம்மா" என்றான் கிஜு. "ரொம்ப நாளாகும்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. நீ சொல்லல, நான் கேக்கல. காகிதத்துல ஆடுன்னா ஆடுதான். வாயை மூடிக்கிட்டு உள்ள வா."

"மூடமாட்டேன்."

"கல்யாணம் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். உசுரா இருக்கேன் அவர் மேல. ஆனா என் வகுப்புல பக்கத்துல உக்காரப் பொண்ணு இல்லாம எத்தனை பசங்க இருந்தானுங்க தெரியுமா? அவளுங்கெல்லாம் எங்க அத்தை? வரவே விடலையே! தப்பிச்சு வந்தவ நான். நானும் வரலைன்னு சொல்லணுமா? குதிரையா வந்தா வருவேன். இல்லேன்னா சாமானைத் திரும்ப லாரியில ஏத்துறேன்."

சரி அக்கா, ஏற்றிவிடலாம் என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அத்தை வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"குதிரைன்னு சொல்லிட்டு வாழறது அவ்வளவு சுலபமில்லடி. நானும் குதிரைதான். பாம்புன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தாங்க. இவன் தவழும்போதே இவங்கப்பா போயிட்டாரு. மாமியாருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நீதான் கொன்னேன்னு சொன்னா. இத்தனை வருஷமா நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கேன்."

கிஜு ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு நின்றான். அவனுக்கு இது தெரியாது.

அக்கா குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையின் எதிரே குந்தினாள். "மாமா எப்படிப் போனாரு?"

"ரோட்டைக் கடக்கும்போது பஸ் அடிச்சு."

"அந்த பஸ் ஓட்டினவன் எந்த வருஷத்துல பொறந்தவன்னு யாராவது கேட்டாங்களா?"

அத்தை தலை நிமிர்ந்தாள்.

"இல்ல" என்றாள். "என்னை மட்டும்தான் கேட்டாங்க."

அதற்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து, என்ன ஆச்சு, யாருக்கு என்ன என்று விசாரித்தாள். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணும் ஆகல. என் மருமக வந்திருக்கா. குதிரை வருஷம். நானும் குதிரை வருஷம்தான். வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.