தலைவர் கருணாகரனின் மலைவலம்

தி.நகர்ப் பூங்கா ஒன்றில் காலை நடை போகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்குத் தலைவர் கருணாகரன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, உள்பாவாடைத் துணி விற்றே மூன்று மாடிக் கடை எழுப்பியவர். இப்போது கல்லாவில் மகன் உட்கார்ந்துவிட்டான். அப்பா கடைக்குப் போனால், "எதுக்குப்பா உங்களுக்கு இந்த அலைச்சல்?" என்று மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டுவான். உலகத்தில் அவரைத் 'தலைவரே' என்று கூப்பிடுகிற இடம் அந்தப் பூங்கா ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் மூலை நாற்காலிதான் கதி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தலைவருக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். கோயில் பிரகாரம் மாதிரி எல்லோரும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். இடமாகச் சுற்றி எதிரே வந்த ஒரு வங்கி அதிகாரியைச் சங்கத்தைவிட்டே விலக்கியிருக்கிறார்.

இந்த வருஷத் தேர்தலில் அவரை எதிர்த்து விஜயலக்ஷ்மி நின்றார். மயிலாப்பூரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "எத்தனை நாளைக்கு இந்தப் பார்க்கையே சுத்திண்டு இருக்கறது? தலைவர்னா எங்களை ஒரு மலைக்கு அழைச்சுண்டு போகட்டுமே!" என்றார். ரோஷம் யாரை விட்டது? தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாசி கடைசியில், ஜவ்வாது மலைக்கு வேன் புறப்பட்டது.

வேனை அடிவாரத்து ஊரில் நிறுத்திவிட்டு நடந்து ஏறினார்கள். மலை அழகாகத்தான் இருந்தது. புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டிருந்தன. புரச மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் பூவாக நின்றன. நம்மவர்கள் அந்தப் பூவுக்கு அடியில் நின்று ஃபிளாட் விலை பேசினார்கள். சற்று தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கருணாகரன் யோசிக்கவே இல்லை. வலப்பக்கம் திரும்பினார்.

"நிச்சயமா இந்த வழிதானா?" என்றார் விஜயலக்ஷ்மி.

"வலதுகைப் பக்கமே போனா பொறப்பட்ட எடத்துக்கு வந்திரலாம்மா. நம்ம பார்க்குல என்னைக்காவது வராம இருந்திருக்கோமா?"

நியாயமான பேச்சு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருமே படித்தவர்கள். அடுத்த பிரிவிலும் வலம், அதற்கடுத்ததிலும் வலம். புளியோதரை தீர்ந்தது, தண்ணீர் தீர்ந்தது, வேனை மட்டும் காணவில்லை. வழி தப்பிவிட்டது என்று கருணாகரனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடுவார்களே!

வெயில் தாழும்போது கீழே ஒரு தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு டீக்கடை இருந்தது. அவர்கள் ஏறிய ஊர் அது இல்லை. கருணாகரன் வேன் டிரைவர் மெஹபூப் பாஷாவுக்குப் போன் போட்டார். திருவல்லிக்கேணிக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"இன்னா நைனா, மலைக்கு அந்தாண்ட எறங்கிக்கினியா? நான் சுத்திக்கினு வர்றதுக்குள்ள இருட்டிப்பூடும். அங்கியே குந்து!"

தீர்ந்தது பதவி என்று கருணாகரன் பெஞ்சில் சாய்ந்தார். அப்போது டீக்கடை அம்மா கேட்டார்: "இந்த வயசுல மலையை நடந்தேவா தாண்டி வந்தீங்க?"

கூன் விழுந்திருந்த முதுகெல்லாம் நிமிர்ந்தது. உடனே செல்போன்கள் வெளியே வந்தன. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படம் போக ஆரம்பித்தது. கருணாகரனுக்கோ மனசு உறுத்தியது. "எனக்கு வழி தெரியலைங்க. தப்பாத்தான் கூட்டியாந்துட்டேன்" என்றார். படம் எடுக்கிற மும்முரத்தில் அது யார் காதிலும் விழவில்லை, விஜயலக்ஷ்மியைத் தவிர.

தேர்தலன்று விஜயலக்ஷ்மி பேச எழுந்தபோது கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை வருஷமா நம்மளைச் சுத்திச் சுத்தி ஒரே இடத்துலயே கொண்டு விட்டார். வழி தப்பின அன்னிக்குத்தான் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நேக்கு வாழ்க்கையில அப்படி ஒரு நாள் வாய்ச்சதே இல்லை. நான் போட்டியிலேருந்து விலகிக்கறேன். இவரே தலைவரா இருக்கட்டும்" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கருணாகரன் சங்கத்தார் போர்த்திய சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் புது வழிதான் என்று அன்றைக்கு மனதார நினைத்தார்.

மறுநாள் காலை பூங்கா வாசலில் எல்லோரும் அவருக்குப் பின்னால் ஆவலாக நின்றார்கள். எதிரே நடைபாதை இருபக்கமும் காலியாகக் கிடந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வழக்கம்போல வலமாகவே சுற்றக் கிளம்பினார்.